பூஜ்ஜியத்துக்குக் கீழே தூசி இல்லை

1.

இந்தக் கதை ஒரு வரைபடத்திலிருந்து வந்தது. குளிர்ப் பிரதேசத்துத் தூசியைக் கணினியில் கணக்கிட்டு வரைந்த படம். கோடையில் ஆற்றுப் படுகைகள் பழுப்பாக இருந்தன. குளிர்காலத்தில் படம் முழுக்க வெள்ளை. எங்கேயும் தூசியே இல்லை. உலகம் இவ்வளவு துப்புரவாக இருக்காதே என்று எனக்கு ஒரு சந்தேகம். அந்தச் சந்தேகத்தை ஒருத்தியிடம் கொடுத்து, அவளை ஓர் அலுவலகத்தில் உட்காரவைத்தேன்.

முதல் தொடக்கம்: "ஜன்னலுக்கு வெளியே காற்று ஊளையிட்டது, அவள்"

வேண்டாம். எல்லாக் கதையிலும் ஊளையிட்டு அதற்குத் தொண்டை கட்டியிருக்கும்.

2.

அவளுடைய வேலை தூசியை முன்கூட்டியே சொல்வது. பனியாறு பாறையை மாவாக அரைத்துப் படுகையில் விட்டுப்போகும். காற்று அதைத் தூக்கும். எங்கே, எப்போது, எவ்வளவு என்று அவளுடைய கணினி நிரல் கணக்குப் போடும். அந்தக் கணக்கை நம்பித்தான் பள்ளத்தாக்குச் சாலையில் எச்சரிக்கை விளக்கு எரியும். அந்தச் சாலையில் அவள் அக்கா பேருந்து ஓட்டுகிறாள்.

(முதல் வரைவில் அக்கா கிடையாது. அவள் இல்லாமல் நாயகிக்குக் கோபமே வரவில்லை.)

அக்கா போனில் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டி, நேத்து ரோடே தெரியல. கண்ணு, மூக்கு, பல்லு எல்லாம் மண்ணு. உன் விளக்கு என்ன தூங்குதா?"

"நேத்து மைனஸ் பன்னெண்டுக்கா. அந்தக் குளிர்ல தூசி கிளம்பாது."

"அப்ப நான் தின்னது என்ன, சர்க்கரையா?"

3.

அவள் நிரலைத் திறந்து பார்த்தாள். உள்ளே ஒரு வரி இருந்தது: தரையின் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால், தூசி பூஜ்ஜியம். உறைந்த ஈரமண் துகள்களை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் என்பது காரணம். ஆனால் வறண்ட குளிரில் மண்ணிலுள்ள பனி உருகாமலே ஆவியாகிவிடும். மிச்சம் பொலபொலவென்று கிடக்கும்.

அந்த வரியை எழுதியவர் அவளுடைய தலைவர்.

"சார், இந்த வரிய எடுத்துடலாம்."

"எதுக்கும்மா? சாட்டிலைட் பார்த்ததோட நம்ம கணக்கு அச்சா ஒத்துப்போகுதே. குளிர்காலத்துல அதுவும் தூசி பார்க்கல."

அவள் நேரே, அலுவலகத்தில் எல்லோரும் 'வடிகட்டி' என்று கூப்பிடுகிறவரிடம் போனாள். செயற்கைக்கோள் படங்களில் மேகம், பிழை எல்லாவற்றையும் கழித்துத் தருகிறவர் அவர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பதில்லை.

"குளிர்காலத்துல தூசியே தெரியறதில்லையா?"

"தெரியுமே. தூக்கிப் போட்டுடுவேன்."

"ஏன்?"

"பூஜ்ஜியத்துக்குக் கீழ தெரிஞ்சா அது மேகமாத்தான் இருக்கணும். உங்க ப்ரோக்ராமே சொல்லுதே, அந்தக் குளிர்ல தூசி கிடையாதுன்னு."

சொல்லி முடித்துவிட்டு அவரே வாயைப் பொத்திக்கொண்டார்.

"அடப்பாவமே. உங்கள பார்த்து நான் எழுதியிருக்கேன். என்னைப் பார்த்து நீங்க சரின்னு டிக் போட்டுட்டீங்க."

4.

"தலைவர் மேசையை ஓங்கித் தட்டி,"

[இல்லை. அவரை வில்லனாக்க வசதியாக, அவர் பேசிய ஒன்றை முதல் வரைவிலிருந்து வெட்டியிருந்தேன். கதைக்கு ஒத்துவரவில்லை என்று வெட்டினேன். வடிகட்டி செய்ததும் அதுதானே? திரும்பச் சேர்க்கிறேன்.]

"இந்த வரி இல்லாதப்ப நம்ம கணக்குல பனிமேலயே புழுதி பறந்துச்சும்மா. தினம் விளக்கு எரிஞ்சா எந்த டிரைவர் மதிப்பான்? அதுக்குத்தான் போட்டேன்."

நியாயம்தான். இதைச் சேர்த்ததும் அவளுக்கு வேலை கூடிவிட்டது.

"சரி சார், எடுக்கல. மாத்தறேன். பனி மூடின இடத்துல பூஜ்ஜியம் இருக்கட்டும். வெறும் மண்ணா, காய்ஞ்சிருந்தா, கணக்குப் போடட்டும்."

"வெள்ளிக்கிழமை ப்ரோக்ராம பூட்டறோம். அதை விட்டா, மாத்த அடுத்த குளிர்காலம்தான்."

"தெரியும் சார். அதான் நிக்கிறேன்."

5.

அவள் மாற்றினாள். வடிகட்டி தூக்கிப் போட்ட படங்களை மீட்டுக் கொடுத்தார். அக்கா மண் தின்ற நாளில், சாலைக்கு மேலேயே பழுப்பாக ஒரு நாக்கு நீண்டிருந்தது. அதே சமயம், படங்களில் இல்லாத தூசியை நான்கு நாட்களில் புதுக் கணக்கு காட்டியது. கணக்கு படங்களோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதற்கான மொத்த மதிப்பெண் முன்பைவிடக் குறைவு.

முடிவுகள்:

அவள் வெல்கிறாள், விளக்கு எரிகிறது, அக்கா — (தித்திக்கிறது.)

அவள் தோற்கிறாள், பேருந்து — (எழுத மாட்டேன். அக்காவைக் கோபத்துக்காகத்தான் கூட்டிவந்தேன், பலிகொடுக்க அல்ல.)

குறைந்த மதிப்பெண்ணைப் பார்த்து அவள் பேசாமல் உட்கார்ந்துவிடுகிறாள். (கூட்டங்களில் நான் அப்படித்தான். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.)

வெள்ளிக்கிழமை. மாற்றத்தை ஏற்பதா என்று ஐந்து பேர் கையைத் தூக்கி முடிவு செய்யும் கூட்டம். அவளுக்கு அதில் கை கிடையாது. பேச மட்டும் அனுமதி. குறைந்த மதிப்பெண்ணை அவளே முதலில் திரையில் போட்டாள்.

"பழைய மார்க் கண்ணாடியில நம்மளையே பார்த்து நாமளே போட்டுக்கிட்டது. இதுதான் நிஜ மார்க்."

"அந்த நாலு நாள் பொய்யா இருந்தா?" என்றார் தலைவர்.

"நாலு நாள் பஸ் மெதுவா போகும் சார். பழைய வரி பொய்யா இருந்த அன்னிக்கு வேகமா போச்சு."

தலைவர் வாக்கெடுப்புக்கு விட்டார். பிறகு இரண்டு கைகள் மேலே போயின. இரண்டு கைகள் மேசைமேலேயே இருந்தன. இதில் தலைவர் கை எது என்று சொன்னால் நீங்கள் அதைப் பார்த்துத்தான் தூக்குவீர்கள், சொல்ல மாட்டேன்.

ஐந்தாவது நாற்காலியில் நான் யாரையும் உட்காரவைக்கவில்லை. அது உங்களுடையது. பழுப்பு நாக்கு நீண்ட அந்தப் படத்தைப் பாருங்கள், அவசரமில்லை.

ஒன்று மட்டும். நீங்கள் கை தூக்காவிட்டாலும் அவள் உட்காரப் போவதில்லை. மூன்று வரைவுகளில் உட்காரவைத்துப் பார்த்துவிட்டேன்.