எதிரி வழுக்கி விழுந்த இடம்

1

இந்தக் கதை ஒரு கல்யாணப் பந்தியில் பிறந்தது. பெருமைப்படக்கூடிய பிறப்பு அல்ல. என் அக்காவைக் கட்டியிருக்கும் சீனிவாசன் மாமா, பட்டுப்புடவைக் கடை வைத்திருப்பவர், இலைக்கு மேலாகக் கையை நீட்டித் தன் போனைக் காட்டினார். போலீஸ்காரர்களுக்கு நடுவில் இரண்டு பையன்கள். ஆளுக்கொரு கையில் புத்தம்புது மாவுக்கட்டு. "பாத்ரூம்ல வழுக்கிட்டாங்களாம் மச்சான்" என்றார். எங்கள் வரிசை முழுக்கச் சிரித்தது. பாயசம் ஊற்றிக்கொண்டு வந்தவரும் நின்று பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிடித்துவந்த ஆளை அடிப்பது குற்றம், போலீசிடம் கொடுக்கிற ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது, வெள்ளைக்காரனே தன் போலீசை நம்பாமல்தான் அப்படிச் சட்டம் எழுதினான் என்று வாயில் அப்பளத்தோடு பேசினேன். மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உன் வூட்ல அஞ்சு சவரன் போவட்டும், அப்போ பேசு" என்றார். வரிசை மறுபடியும் சிரித்தது.

அந்த எரிச்சலில் கதை எழுத உட்கார்ந்தேன். எழுதியதையெல்லாம் முதலில் படித்தவர் மாமாதான். நீங்கள் இரண்டாவது. அவரைவிட நீங்கள் நியாயமானவர் என்று நம்பித்தான் மேலே போகிறேன். (பந்தியில் சிரித்தவர்களையும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.)

2

தொடக்கங்கள்.

"பட்டு நூலைப் பிரித்துப் பழகிய விக்ரமின் மெல்லிய விரல்கள் லத்திக்குக் கீழே"

இதைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். கதைக்கு ஊர் காஞ்சிபுரம் என்றதும் கை தானாக ஒரு நெசவாளியைத் தேடிப்போகிறது. நெசவாளியின் விரல் உடைந்தால் நீங்கள் உருகிவிடுவீர்கள். விரலுக்காக உருகுவீர்கள், பாதியில் நின்ற புடவைக்காக உருகுவீர்கள், ஆளை மறந்துவிடுவீர்கள். அதனால் விக்ரம் தறியைத் தொட்டதே இல்லை. சென்னையிலிருந்து முகூர்த்தப் புடவை எடுக்க வரும் கார்களை ஊருக்கு வெளியே பைக்கில் மறித்து, ஜன்னலோரம் குனிந்து, ஏதாவது ஒரு கடைக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் கமிஷன் வாங்குகிறவன். உங்களையும் ஒருநாள் மறித்திருப்பான். உங்களுக்கு அவனைப் பிடித்திருக்காது. எனக்கு அப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும்.

"சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போட்டு ஒரு தலைமுறை ஆகிவிட்டது. ஆனால் அதை இன்னும் முறைப்படி ஏற்றுக்கொண்டு"

உண்மைதான். ஆனால் இந்த வரியில் மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

"சிட்டிபாபு தன் சர்வீசில் ஒருவரையும் கைநீட்டி அடித்ததில்லை."

இது நிற்கட்டும்.

3

சிட்டிபாபு ஏட்டு. ஸ்டேஷன் ரைட்டர். ஸ்டேஷனில் நடப்பதையெல்லாம் காகிதத்தில் கொண்டுவருவது அவர் பொறுப்பு. எந்த ஸ்டேஷன் என்று தேடாதீர்கள், காஞ்சிபுரத்தில் இருப்பது எதுவும் இல்லை, இது நான் கட்டியது. முன்னால் ஒரு வேப்பமரம், எதிரே பெட்ரோல் பங்க், உள்ளே சிட்டிபாபுவின் மேஜை, அதற்கு மேலே வேலை செய்யாத கேமரா. (கேமரா வேலை செய்தால் கதை அங்கேயே முடிந்துவிடும். அது பழுதாக இருப்பது என் சௌகரியத்துக்குத்தான்.)

பின்பக்கம் கழிவறை. அதில் பறிமுதல் செய்த குட்கா மூட்டைகளைக் கூரை வரை அடுக்கிப் பூட்டி வைத்திருக்கிறார்கள். கோர்ட் உத்தரவு வந்தால்தான் அழிக்கலாம். உத்தரவு வரவில்லை, பூட்டு துருப்பிடித்துவிட்டது. ஆண் போலீசார் காம்பவுண்டு ஓரம் ஒதுங்குவார்கள், பெண் போலீசார் ரோட்டைத் தாண்டிப் பங்க்குக்குப் போவார்கள். ஸ்டேஷனுக்குக் கழிவறை வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதி எழுதி ஓய்ந்துபோனவர் சிட்டிபாபுவேதான்.

வழக்கு இது. புடவை எடுக்க வந்த ஒரு குடும்பம், கடை வாசலில் இடமில்லாததால் கார் சாவியை விக்ரமிடம் கொடுத்தது. திரும்பி வந்து பார்த்தால் காருக்குள் இருந்த கைப்பையில் சங்கிலி இல்லை. விக்ரமை ஸ்டேஷனுக்குப் பிடித்துவந்துவிட்டார்கள். மறுநாள் வரதருக்குக் கருட சேவை. ஊர் கொள்ளாத கூட்டம் வரும், ஸ்டேஷன் மொத்தமும் பந்தோபஸ்துக்குப் போயாகவேண்டும். அதற்குள் இதை முடித்துவிட வேண்டும் என்று எஸ்.ஐ. மாணிக்கவேல் சொல்லிவிட்டார்.

விக்ரமின் அம்மா அம்சா, மாகறல் கிராமத்துப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்தாள். ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவள். காலையிலிருந்து வேப்பமரத்தடியில் நின்றாள். மகனைப் பார்க்க விடவில்லை. வெயில் ஏறிய பிறகு, தயங்கித் தயங்கிப் படியேறி வந்து, பாத்ரூம் எங்கே என்று கேட்டாள். சிட்டிபாபு எழுதுவதை நிறுத்திவிட்டு, "இங்க பாத்ரூம் இல்லமா. எதிர்க்க பங்க்ல போய்ட்டு வா. நான் சொன்னேன்னு சொல்லு" என்றார். அன்றைக்கு அந்த இடத்தில் அவளை மனுஷியாக நினைத்துப் பேசியவர் அவர் ஒருவர்தான். அது அவருக்கே மனசுக்கு நிறைவாக இருந்தது.

4

அடுத்து அந்த அறை.

"மாணிக்கவேல் கதவைச் சாத்தினார். விக்ரமைச் சுவரோரம்"

"லத்தியின் முனை முதலில்"

"அவன் கத்தியது"

வேண்டாம். எழுதத் தெரியாமல் இல்லை. இந்தப் பக்கம் வந்தபோதுதான் மாமா நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து, "அப்புறம்?" என்றார். சித்திரவதையைக் கண்முன்னால் நிறுத்திவிட்டால் படிக்கிறவன் மனம் மாறுவான் என்று எழுதுகிற எங்களுக்கு யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். அவன் மாறமாட்டான், சுவாரசியமாகப் படிப்பான். ஆகவே நாம் கதவுக்கு வெளியே சிட்டிபாபுவோடு இருப்போம். அவர் எப்போதும் அங்கேதான் இருந்திருக்கிறார்.

சிட்டிபாபு வயர்லெஸ்ஸின் சத்தத்தைக் கூட்டினார். கூட்டுகிறோம் என்பது அவருக்கே தெரியாது, அவ்வளவு பழக்கம். கருட சேவைக்கு எந்த முக்கில் யார் நிற்பது என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. அவர் விக்ரமின் ஒப்புதல் வாக்குமூலத்தை எழுத ஆரம்பித்தார். உள்ளே விக்ரம் இன்னும் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் எழுத வேண்டியது என்னவென்று அவருக்குத் தெரியும். "ப்ரோ, பார்க்கிங் இருக்குது, வாங்க ப்ரோ" என்று பேசுகிறவன், சிட்டிபாபுவின் காகிதத்தில், "நான் மேற்படி விலாசத்தில் என் தாயாருடன் வசித்து வருகிறேன். என்னை அழைத்துச் சென்றால் மேற்படி சங்கிலியை மறைத்து வைத்துள்ள இடத்தைக் காட்டி எடுத்து ஆஜர் செய்கிறேன்" என்று பேசினான்.

[அடிக்குறிப்பாக வரவேண்டியது: போலீசிடம் ஒப்புக்கொண்டது செல்லாது. ஆனால் அதன் மூலம் பொருள் கிடைத்தால், கிடைக்கச் செய்த அந்த வரி மட்டும் செல்லும். முன்வாசலைப் பூட்டிவிட்டுப் பின்வாசலைத் திறந்துவைத்திருக்கிற சட்டம். சிட்டிபாபு அந்த வரியைத்தான் முதலில் எழுதிப் பழகியிருந்தார்.]

எலும்பு முறிந்த சத்தம் வயர்லெஸ்ஸைத் தாண்டிக் கேட்டது.

சிட்டிபாபு எழுந்துபோய்க் கதவைத் தட்டலாம். இரண்டு வரைவுகளில் நான் அவரைத் தட்டவும் வைத்தேன். எனக்கே அது பொய்யென்று தெரிந்தது. அவர் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார். பிறகு வருஷக்கணக்காக எழுதுகிற வரியை எழுதினார்: "எதிரி ஸ்டேஷன் கழிவறைக்குச் சென்றபோது கால் வழுக்கி விழுந்ததில் வலது கையில் எலும்பு முறிவு ஏற்பட்டது." (எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவன். ஸ்டேஷன் தமிழில் அப்படித்தான்.) கை தானாக எழுதியது. எந்தக் கழிவறை என்று கை யோசிக்கவில்லை.

கை முறிந்த பிறகு விக்ரம் ஓர் இடம் சொன்னான். திருப்பருத்திக்குன்றம் போகிற வழியில் ஒரு மதகு. போய்த் தோண்டிப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை.

5

"எடுத்தானா, எடுக்கலியா?" என்றார் மாமா.

அது முக்கியமில்லை என்றேன். "எது முக்கியமில்ல? அதான் கதையே" என்றார். எடுக்கவில்லை என்று நான் சொன்னால் ஐயோ பாவம் என்பார். எடுத்தான் என்று சொன்னால் ரெண்டு சேர்த்துப் போட்டிருக்கணும் என்பார். இரண்டிலும் முறிந்த கை ஒன்றுதான். அதனால்தான் சொல்லமாட்டேன் என்றேன்.

உடனே மாமா பேச்சுக்குள் அந்தக் குழந்தையைக் கொண்டுவந்தார். உங்களுக்கும் இதற்குள் தோன்றியிருக்கும். ஒரு குழந்தையைக் கடத்தி எங்கேயோ அடைத்து வைத்திருக்கிறார்கள், மூச்சு முட்டிக்கொண்டிருக்கிறது, இடம் தெரிந்தவன் கையில் சிக்கிவிட்டான், அப்போதும் அடிக்கக்கூடாதா? பெரிய பெரிய படிப்பாளிகளும் இப்படி ஒரு கேள்வியை வைத்துத்தான் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். உண்மையைச் சொல்கிறேன், அந்தக் குழந்தைக்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. அது என் குழந்தையாக இருந்தால் நானே லத்தியைத் தேடுவேனோ என்னவோ. ஆனால் என் கதையில் குழந்தை எங்கே இருக்கிறது? குழந்தையைச் சொல்லி வாங்கிய லத்தி, சங்கிலிக்கு வந்து நிற்கிறது. அதோடு, அடி வாங்குகிறவன் அடி நிற்பதற்கு எதைச் சொன்னால் போதுமோ அதைச் சொல்வான். மதகு என்பான். கோபம் தலைக்கேறி இதையெல்லாம் கத்தியே சொன்னேன்.

"அதெல்லாம் பேச்சு மச்சான்" என்றார் மாமா. அக்கா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, இன்னுமா அந்தத் திருடன் கதை முடியவில்லை என்று கேட்டுவிட்டுப் போனாள். பாருங்கள், அவளும் முடிவுகட்டிவிட்டாள்.

6

மறுநாள் மாணிக்கவேல் கருட சேவை கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தார். அதனால் விக்ரமைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகிற வேலை, கூட ஒரு கான்ஸ்டபிளோடு, சிட்டிபாபு தலையில் விழுந்தது. சங்கிலி கிடைக்காததால் விக்ரமை மறுபடி போலீஸ் காவலில் விடும்படி மனு போட்டிருந்தார்கள். அதாவது, அதே அறைக்கு.

மாஜிஸ்திரேட் இளவயசு அம்மாள். காகிதங்களைப் படித்தார், மாவுக்கட்டைப் பார்த்தார், விக்ரமைக் கிட்டே வரச்சொல்லி, போலீஸ் அடித்தார்களா, பயப்படாமல் சொல் என்றார். விக்ரம் திரும்பிச் சிட்டிபாபுவைப் பார்த்தான். வெளியே வந்தாலும் அதே ரோட்டில்தான் கார் மறிக்க வேண்டும், அதே மாணிக்கவேல்தான் வருவார்.

"இல்லீங்கம்மா. பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டேன்" என்றான்.

சிட்டிபாபுவுக்கு மூச்சு வந்தது. மாஜிஸ்திரேட் பேனாவை எடுத்தார். அப்போது வாசலில் நின்றிருந்த அம்சா உள்ளே வந்துவிட்டாள். கான்ஸ்டபிள் மறித்தார், மாஜிஸ்திரேட் விடச்சொன்னார். அவள் கத்தவில்லை. கும்பிட்டபடியே பேசினாள்.

"அம்மா, நேத்து காலீலருந்து நான் அங்கதான் நின்னுக்கினு இருந்தேன். பாத்ரூம் எங்கன்னு இந்த சாரைத்தான் கேட்டேன். இங்க பாத்ரூம் இல்லமா, எதிர்க்க பங்க்குக்குப் போன்னாரு. நல்ல மனுசன், மரியாதையாத்தான் சொன்னாரு. எனக்கு இல்லாத பாத்ரூம் என் புள்ளைக்கு மட்டும் எப்டிமா வந்துச்சு?"

சிட்டிபாபுவுக்குத் துருப்பிடித்த பூட்டும் குட்கா மூட்டைகளும் கண்ணுக்கு முன்னால் வந்தன. ஸ்டேஷனில் கழிவறை இல்லை என்று மேலிடத்துக்கு அவரே எழுதிய வரிகள் வந்தன. பங்க்கில் என் பெயரைச் சொல் என்று சொன்ன தன் குரலும் கேட்டது. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. வழுக்கி விழுந்த அந்த வரியை எழுதியவர் மாணிக்கவேல் இல்லை, அவர்தான்.

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிட்டிபாபுவைப் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்க. உங்க ஸ்டேஷன்ல பாத்ரூம் இருக்கா, இல்லையா?"

7

முடிவுகள்.

ஒன்று. "இல்லீங்கம்மா" என்கிறார். போலீஸ் காவல் மனு தள்ளுபடி, விக்ரம் ஆஸ்பத்திரி வழியாகச் சிறைக்குப் போகிறான், காயத்துக்கு விசாரணை. சிட்டிபாபுவுக்கு முதலில் மெமோ வருகிறது, பிறகு கண்காணாத ஊருக்கு மாற்றல். நீங்கள் கண் கலங்குகிறீர்கள். அடுத்த மாவுக்கட்டுப் படம் போனில் வரும்வரை கலங்கியிருக்கிறீர்கள்.

இரண்டு. "இருக்குதுங்கம்மா. அந்தம்மா வெளியாளு, அதனால அப்டிச் சொன்னேன்" என்கிறார். விக்ரம் வேனில் ஏறுகிறான். சிட்டிபாபு கூட்டத்துக்குள் புகுந்து பெருமாளைச் சேவித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட

மூன்று. இது மாமா சொன்னது, ஆசையோடு சொன்னார். கடையில் பிரித்துப் பார்த்துவிட்டு வேண்டாமென்று வைத்த புடவைக் குவியலில் சங்கிலி கிடைத்துவிடுகிறது. அந்தக் குடும்பமே அம்சாவிடம் மன்னிப்புக் கேட்கிறது. "பாவம், எடுக்காத பையன அடிச்சிட்டாங்களே" என்று மாமா மனசார வருத்தப்பட்டார். நல்ல மனுஷர்தான். அதுதான் என்னைப் பாடாய்ப் படுத்துகிறது.

போதும். சொல்லமாட்டேன் என்றதைச் சொல்லிவிடுகிறேன். சங்கிலியை எடுத்தது விக்ரம்தான். காரை நிறுத்தும்போது பை திறந்து கிடந்தது, எடுத்தான். வறுமையில் எடுத்தான் என்றெல்லாம் நான் ஜோடிக்கப்போவதில்லை. எடுத்தான், மதகு என்று பொய்யும் சொன்னான். சங்கிலி இப்போது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அம்சாவுக்கும் மகன்மேல் சந்தேகம் உண்டு, அவள் கேட்டது அதைப் பற்றி அல்ல.

மாமா "பாத்தியா!" என்று தொடையில் தட்டிக்கொண்டார்.

கோர்ட்டில் இன்னும் யாரும் அசையவில்லை. அம்சா கும்பிட்ட கையை இறக்கவில்லை. விக்ரம் மாவுக்கட்டை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். சிட்டிபாபு பதில் சொல்ல வாயைத் திறந்துவிட்டார், ஆனால் அவருக்கான வார்த்தையை நான் எழுதப்போவதில்லை. இத்தனை நாள் அவர் மற்றவர்களுக்காக எழுதினார், இந்த ஒரு வார்த்தையை அவருக்காக நீங்கள் எழுதுங்கள்.

எடுத்தது அவன்தான். இப்போது சொல்லுங்கள், ஸ்டேஷனில் பாத்ரூம் இருக்கிறதா, இல்லையா?