இறக்குங்க

கட்டிய கணவனுக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்காதே என்று எங்கள் பயிற்சிக்கூடத்தில் எல்லோரும் தலைபாடாக அடித்துக்கொண்டார்கள். நான் கேட்கவில்லை. பயிற்றுநர் நான், மாணவர் அவர், இரண்டே இருக்கை உள்ள சின்ன விமானம். இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

அன்று தரையிறங்க வந்துகொண்டிருந்தோம். ஓடுபாதைக்கு முன்னால் ஒரு மரவரிசை. அதற்கு அப்பால் வேலியோரம் எங்கள் மகள் கையாட்டிக்கொண்டு நின்றாள். அவளைப் பார்த்த சந்தோஷத்தில் மனிதர் உயரத்தைக் கோட்டைவிட்டார். மரங்கள் நேர் எதிரே வந்துவிட்டன. புதிதாக ஓட்டுகிறவர்கள் எல்லோரும் செய்வதையே அவரும் செய்தார்: கைப்பிடியைத் தன் பக்கம் இழுத்து விமானத்தின் மூக்கைத் தூக்கினார். தூக்கினால் மேலே போய்விடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். போக முடியாது. வேகம் செத்துவிடும். வேகம் செத்தால் இறக்கை காற்றைப் பிடிக்காது, விமானம் கல்லாக விழும். இதைச் சாப்பாட்டு மேஜையில் கரண்டியை வைத்தே நூறு தடவை காட்டியிருக்கிறேன்.

வேகமுள் சரிந்தது. எச்சரிக்கை ஊதல் அலற ஆரம்பித்தது.

"இறக்குங்க!" என்று கத்தினேன்.

மூக்கை என்று சொல்லவில்லை. அவர் இறக்கியது ஃப்ளாப்பை. இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் தகடு அது. முழுதாக இறக்கினால் காற்றைத் தடுத்து வேகத்தை இன்னும் குறைக்கும். தினமும் அதற்கும் நான் சொல்வது இதே "இறக்குங்க"தான். சொன்ன பேச்சைத் தட்டாத மனிதர்! வீட்டில் ஒரு நாளாவது இப்படிக் கேட்டிருக்கிறாரா?

விமானம் நடுங்கி இடப்பக்கம் சாய்ந்தது. என் பக்கக் கைப்பிடியை முன்னால் தள்ளினேன். அசையவில்லை. இரண்டு கைப்பிடியும் ஒன்றோடொன்று இணைந்தவை; பயத்தில் அவர் தன்னுடையதை உடும்புப்பிடியாகப் பிடித்திருந்தார்.

"விடுங்க... நான் பாத்துக்கறேன், விடுங்க!"

விடவில்லை.

"விடுடா!"

விட்டார். மூக்கை அழுத்தி, எஞ்சினுக்கு முழு விசையும் கொடுத்தேன். மரங்களை நோக்கியே இறங்க யாருக்கு மனசு வரும்? ஆனால் வேகம் வேண்டுமென்றால் வேறு வழி இல்லை. முள் மெல்ல ஏறியது. சக்கரத்தில் உச்சிக்கிளை உரசும் சத்தம் கேட்டது. பிறகு எதிரே வெறும் வானம். ஃப்ளாப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலேற்றி, ஒரு சுற்று வந்து, நானே தரையிறக்கினேன்.

மகள் ஓடி வந்தாள். "ஏம்மா திரும்ப மேல போனீங்க? எனக்குக் காட்டறதுக்கா?"

"ஆமாடி," என்றேன்.

அவர் சக்கரத்தில் சிக்கியிருந்த இலைகளைப் பிடுங்கிக்கொண்டே தாழ்ந்த குரலில் சொன்னார்: "நீ 'விடுங்க'ன்னதும், வீட்டுல சண்டை முடிஞ்சா சொல்லுவியே, 'சரி, விடுங்க'ன்னு... அப்படித்தான் கேட்டுச்சு. 'டா' போட்டப்பதான் இது வேறன்னு புரிஞ்சுது. இனிமே மேல போனா எனக்கு மரியாதையே வேணாம்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

"சரிடா," என்றேன்.