எதிரே நின்று சொல்லிக்கொடுத்தேன்

பயிற்சி முடிந்ததும் கொடுத்த படிவத்தில் கடைசிக் கேள்வி, இந்த எட்டு வாரத்தில் கற்றுக்கொண்டது என்ன என்பது. பொறுமை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பச்சைப் பொய்.

நாட்டுப்புற நடனம் படிக்கும் எங்களை இறுதியாண்டில் எங்காவது சொல்லிக்கொடுக்க அனுப்புவார்கள். எனக்குக் கிடைத்தது ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவு. ஷிப்ட் முடிந்த பன்னிரண்டு பெண்கள், சாப்பாட்டுக்கூடத்தில் மேசைகளை ஓரம் தள்ளிவிட்டு, சோப்பு வாசனையோடு வந்து நிற்பார்கள். எல்லாரும் என்னைவிட மூத்தவர்கள். ஆனாலும் நான் ‘டீச்சர்’. அந்த ஒரு வார்த்தை தலைக்கேறிவிட்டது.

கைதட்டி வட்டமாகச் சுற்றும் ஆட்டம். அவர்களுக்கு எதிரே நின்று, “வலது, வலது, தட்டு” என்று சொல்லிக்கொண்டே ஆடிக் காட்டுவேன். பதினொரு பேர் ஒரு பக்கம் போவார்கள். இஸ்திரி போடும் அக்கா மட்டும் எதிர்ப்பக்கம் போய் யார் மேலாவது மோதுவார்.

“ஊரே ஒரு பக்கம் போகுது, நீங்க மட்டும் ரிவர்ஸ் கியர் போட்டா எப்படிக்கா?” என்றேன் ஒருநாள். கூடமே சிரித்தது. அவரும் சிரித்தார். மறுநாளே சலவை அறையில் அவர் பெயர் ரிவர்ஸ் கியர் ஆகிவிட்டது.

ஐந்தாம் வாரம் என் பேராசிரியர் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. என் மதிப்பெண் அவர் கையில். இஸ்திரி அக்காவைத் தனியே கூப்பிட்டேன்.

“அக்கா, நீங்க பாட்டு போடுங்களேன். அதுக்கும் ஆள் வேணும்ல.”

அவர் முகம் சுருங்கியது. “கடைசி நாள் விழாவுக்கு என் பொண்ணு வரேன்னிருக்கா டீச்சர். அதுக்குள்ள சரி பண்ணிக்கிட்டா சேர்த்துக்குவீங்களா?”

“பார்க்கலாம்க்கா,” என்றேன். பார்க்கிற எண்ணமே எனக்கு இல்லை.

அடுத்த வாரம் பேராசிரியர் வந்தார். சும்மா உட்கார்ந்து பார்க்கிற ரகம் இல்லை அவர். பாட்டு நடுவில் செருப்பைக் கழற்றிவிட்டு வட்டத்துக்குள் புகுந்தார். நான் “வலது” என்றதும் வலது பக்கம் அடி வைத்தவர் பக்கத்துப் பெண்மேல் மோதினார். பாட்டு முடிந்ததும் என்னை வராந்தாவுக்கு இழுத்துப் போனார்.

“எதிர்ல நின்னு சொல்லிக்குடுத்தியா? உன் வலது அவங்களுக்கு இடதுன்னு முதல் வருஷமே சொன்னேனே! நீ வாயால என்ன சொன்னாலும் அவங்க உன் காலைத்தான் பார்ப்பாங்க. முதுகைக் காட்டி நிக்கணும்.” பிறகு கேட்டார், “ஒருத்தர்கூடவா நீ சொன்னதைக் கேட்டு ஆடல?”

“இல்ல மேடம்,” என்றேன். கூசாமல் சொன்னேன். இப்போதுதான் கூசுகிறது.

மறுவாரம் பதினொரு பேரிடமும், “மேடம் பக்கத்தை மாத்தச் சொல்லிட்டாங்க,” என்று பழியை அவர்மேல் போட்டேன். அந்த வாரம் இஸ்திரி அக்காவுக்கு ஷிப்ட் மாறியிருந்தது. விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போதுதான் வந்தார். “சேர்ந்துக்கங்கக்கா,” என்றேன். ஏன் என்று சொல்லவில்லை. ஓடிவந்து நின்றுகொண்டார்.

“வலது!”

பதினொரு பேரும் வலது பக்கம் போனார்கள். இஸ்திரி அக்கா துளியும் தயங்காமல் இடது பக்கம் போனார்.

“ரிவர்ஸ் கியர்!” என்று யாரோ கத்த, மறுபடி ஒரே சிரிப்பு.

“மன்னிச்சிடுங்க டீச்சர்,” என்றார் அவர். “பாட்டு போடும்போது எல்லாரையும் பார்த்துப் பார்த்து, நீங்க வலதுன்னா இடது பக்கம் போகணும்னு மனசுல ஏத்திக்கிட்டேன். தினமும் வீட்ல பழகினேன். அதுவும் தப்பா போச்சு.” குரல் இறங்கியது. “பொண்ணை வரவேண்டாம்னு சொல்லிடவா?”

பக்கத்தில் போனேன். அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “வரச்சொல்லுங்கக்கா. முதல் நாள்ல இருந்து நீங்க ஆடினதுதான் சரி. நான்தான் எல்லாருக்கும் தப்பா சொல்லிக்குடுத்துட்டேன்,” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தார்.

“அவங்க எல்லாரும் சிரிச்சாங்களே டீச்சர். இதை ஏன் மெதுவா சொல்றீங்க?”

என்னால் அவர் எதிரே நிற்க முடியவில்லை. திரும்பி, எல்லாருக்கும் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, “வலது” என்றேன்.