துண்டுக்கடியில் தும்பிக்கை

யானைகளுக்கு வலசைப் பாதை ஒதுக்கும் பேச்சுக்கு இந்த ஆண்டு யானையே நேரில் வந்தது. அது உள்ளே வர வசதியாக வனச்சரக அலுவலகத்தின் நடை நீண்டு அகன்றது. யாரும் தலைநிமிரவில்லை. எனக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது.

நான் வனச்சரகர். மாட்டுத் தரகர் வீட்டுப் பிள்ளை. எங்கள் ஆட்கள் விலையை வாயால் சொல்வதில்லை. கையைத் துண்டால் மூடி, அதனடியில் விரலைப் பிடித்துப் பேசுவோம். முதலில் கையை இழுப்பவன் எதிராளி கேட்டதைக் கொடுக்க வேண்டும். காட்டைக் காக்க என்னை ஏன் எடுத்தார்கள் என்று அன்றுதான் புரிந்தது.

வனவர் குப்பண்ணன் மேசைமேல் துண்டை விரித்தார். தும்பிக்கை அடியில் நுழைந்தது. ஈரமாக இருந்தது.

ஒரு விரலுக்கு ஒரு தெரு. ஊரே ஒரு காலத்தில் யானைகளின் பாதைதான். ஆனால் கேட்பவன் பக்க நியாயத்தை நாம் ஒப்புக்கொண்டால் விலை ஏறிவிடும். சுண்டுவிரலை மட்டும் கொடுத்தேன். யானை பெருமூச்சு விட்டது. மின்விசிறி எதிர்ப்பக்கமாகச் சுற்றியது.

“என்னங்க சார் கேக்குது?” என்றார் குப்பண்ணன்.

“மூணு தெரு.”

“குடுத்துருங்க. நாலாவதுலதான உங்க வீடு?”

கொடுத்தேன். சன்னலுக்கு வெளியே மூன்று தெருக்கள் எழுந்து, வாசற்படிகளைத் தூக்கிப் பிடித்தபடி பேருந்து நிலையம் பக்கம் போயின. அதிர்ந்து போனேன். தெருக்கள் இவ்வளவு வேகமாக நடக்கும் என்று எனக்குத் தெரியாது.

யானை நாலாவது விரலைப் பிடித்தது.

கைப்பேசி அடித்தது. குப்பண்ணன் அதை என் காதில் வைத்தார். என் மனைவி சம்பூர்ணம்.

“ஏனுங்க, நம்ம தெரு எந்திரிக்கப் பாக்குது. நீங்களா வித்தீங்க?”

“இன்னும் பேசிட்டுத்தான் இருக்கேன்.”

“வெரசாப் பேசுங்க. அடுப்புல குழம்பு தளும்புது.”

கையை இழுத்தால் வீடு போகும். இழுக்காவிட்டால் அந்தப் பிடியில் விரலே போகும். தும்பிக்கை நுனியை நகத்தால் சுரண்டினேன். ‘இது வேண்டாம், ஈடாக வேறு சரக்கு தருகிறேன்’ என்று எங்கள் சந்தையில் அர்த்தம். என்ன சரக்கு என்று நான் யோசிக்கவில்லை. முதலில் ஆசை காட்டு, சரக்கைப் பிறகு தேடு. தரகன் பிழைப்பே அதுதான்.

யானை துண்டை விலக்கியது. என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. உச்சந்தலை முடியைப் பிரித்துச் சுழி பார்த்தது.

“ரெட்டைச் சுழிங்க,” என்றார் குப்பண்ணன், யானையிடம். “குடும்பத்துக்கு ஆகாதும்பாங்க. காட்டுக்கு ஒண்ணும் பண்ணாது.”

“குப்பண்ணா! நீங்க யாரு பக்கம்?”

“கொஞ்சம் வாய் சாஸ்திங்க. மத்தபடி சாது.”

தும்பிக்கை என் உதடுகளைப் பிரித்தது. வயது தெரிய மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பது போல, முன்பல்லிலிருந்து ஆரம்பித்தது.

கைப்பேசியில் சம்பூர்ணம் சிரித்தாள்.

“ஏனுங்க, தெரு மறுபடி உக்காந்துருச்சு! கெட்டிக்காரருதான். பதிலுக்கு என்னத்தக் குடுத்தீங்க?”

சொல்ல முடியவில்லை. யானை கடைவாய்ப் பல்லுக்கு வந்திருந்தது.