தங்கக் கடதாசி

ஒரு கரப்பான் பூச்சியால் செலீனுக்கு மூன்று விருந்துகள் கைவிட்டுப் போயின. அந்தக் கரப்பான் பூச்சி பிறக்கவே இல்லை.

செலீன் கொட்டாஞ்சேனைக்காரி. வீட்டுக் குசினியிலிருந்தே விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுப்பவள். அதற்கு முன் ஐந்து வருடம் வெள்ளவத்தையில் கோமளவல்லியோடு கூட்டாகத் தொழில் செய்தாள். அடுப்படியில் வெந்தது செலீன். வாசலில் நின்று சிரித்தது கோமளவல்லி. பிரிந்தபோது செலீனின் சமையல் கொப்பியும் வாடிக்கைக்காரரின் தொலைபேசி இலக்கங்களும் கோமளவல்லியின் கைப்பைக்குள் போய்விட்டன. அதைக்கூடச் செலீன் விட்டுவிட்டாள்.

கரப்பானை விட முடியவில்லை.

அவளுக்கு அதைச் சொன்னது மெற்றில்டா. செலீன் போகிற மாதா கோவில் பங்கைச் சேர்ந்தவள், நல்ல மனுஷி. மெற்றில்டாவுக்கும் வலன்ரைனுக்கும் இருபத்தைந்தாவது கலியாண நாள் வருகிறது, நூற்றிருபது பேருக்குச் சைனீஸ் சாப்பாடு, செலீன்தான் சமைப்பது என்று ஆறு மாதத்துக்கு முன்பே பேச்சு. திடீரென்று ஒரு நாள் போனில் இழுத்து இழுத்துக் கதைத்தாள்.

"குறை நினைக்காத, செலீன். இந்த முறை கோமளவல்லியிட்டக் குடுத்திட்டம்."

"ஏன் அக்கா?"

"சின்னப் பிள்ளைகளும் வருகினம். உன்ர குசினியில கரப்பான் ஓடுது எண்டு... கண்ணால கண்டதெண்டு சொன்னா."

"ஆர் சொன்னது?"

மெற்றில்டா பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

அந்த வாரமே இன்னும் இரண்டு வீடுகள் காரணம் சொல்லாமல் விலகிக்கொண்டன. செலீன் குசினியை மேலிருந்து கீழ்வரை கழுவினாள். கழுவும்போதே தெரியும், இது வீண் வேலை. கண்ணில் படாத கரப்பானை எந்த மருந்து அடித்தும் கொல்ல முடியாது. அதை விட்டவளே கொல்ல வேண்டும். பொய் சொன்ன அந்த வாயே, நாலு பேர் கேட்க, பொய் என்று சொல்ல வேண்டும்.

சைனாக்காரர் கொழும்பில் கட்டடம் கட்ட வந்த பிறகு காலி வீதியில் புதிதாக ஒரு ஆசிய சுப்பர் மார்க்கெட் திறந்திருந்தார்கள். ஒரு வீட்டில் பிறந்தநாளுக்கு இருபது பேருக்கு நூடில்ஸ் கேட்டிருந்தார்கள். அதற்குச் சாமான் வாங்க செலீன் முதல் தடவையாக அங்கே போனாள்.

உள்ளே குளிராக இருந்தது. சோயா சோஸில் மட்டும் பதினாறு வகை. எல்லாவற்றிலும் படம் இருந்தது, வாசிக்கத்தான் முடியவில்லை. கடையில் நின்ற சிங்களப் பெண்ணிடம் ஒவ்வொன்றாகக் கேட்டாள். அந்தப் பிள்ளையும் சலிக்காமல் சிங்களத்தில் விளக்கியது. கறுப்புச் சோயா நிறத்துக்கு, வெளிர்ச் சோயா உப்புக்கு. நல்லெண்ணெய் போல இருப்பது வறுத்த எள்ளெண்ணெய், கடைசியில் ஒரு கரண்டி போதும். அரிசி நூடில்ஸைக் கொதிக்க வைக்காதீர்கள் நோனா, சுடுதண்ணீரில் ஊற விடுங்கள்.

ஒரு மூலையில் கட்டுக் கட்டாகக் கடதாசி அடுக்கியிருந்தது. சதுரமான, சொரசொரப்பான மஞ்சள் கடதாசி. ஒவ்வொன்றின் நடுவிலும் தங்க ரேக்கு பளபளத்தது. அழகாகத்தான் இருந்தது.

"இது மேசைக்குப் போடுறதா?"

பெண் அவசரமாகத் தலையாட்டி மறுத்தாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள். செத்தவர்களுக்கு எரிக்கிற காசு அது. சைனாக்காரர் தங்கள் பெற்றோரின் நினைவு நாளில் கட்டாக வாங்கிப்போய்க் கொளுத்துவார்களாம்.

செலீன் எடுத்த கட்டை மெதுவாக வைத்தாள்.

அப்போதுதான் குளிர்ப்பெட்டிக் கண்ணாடியில் கோமளவல்லியைக் கண்டாள்.

இரண்டு தட்டு தள்ளி, தள்ளுவண்டியோடு, மறுபக்கம் பார்ப்பது போல நின்றாள். வண்டியில் கறுப்புச் சோயா ஆறு போத்தல். செலீன் எடுத்த அதே மார்க். எள்ளெண்ணெய், அதே மார்க். அரிசி நூடில்ஸ், அதே சிவப்புப் பொதி, பெட்டியோடு. நூற்றிருபது பேருக்குச் சைனீஸ் சமைக்க ஒப்புக்கொண்டவளுக்கு என்ன வாங்குவதென்று தெரியவில்லை. யாரிடமும் கேட்க வாயும் வரவில்லை. செலீனின் கூடையைப் பார்த்து வாங்கிக்கொண்டு வருகிறாள்.

செலீன் சோதித்துப் பார்த்தாள். காய்ந்த கடற்பாசிப் பொதி ஒன்றைக் கூடைக்குள் போட்டாள். அடுத்த வளைவில் திரும்பிப் பார்த்தால் கோமளவல்லியின் வண்டியில் கடற்பாசி எட்டுப் பொதி.

செலீன் சிரிக்கவில்லை. கடதாசி அடுக்கியிருந்த மூலைக்குத் திரும்பிப் போனாள். பிறகு போனைக் காதில் வைத்தாள். மறுபக்கத்தில் யாரும் இல்லை.

"ஓம் ஓம், அந்தத் தங்கக் கடதாசி இங்க இருக்கு," என்றாள், பக்கத்துத் தட்டுக்குக் கேட்கும் அளவுக்கு. "பெரிய ஹோட்டல்களில சாப்பாட்டுக் கோப்பைக்குக் கீழ விரிக்கிறது. சைனாக்காரற்ர கலியாண மேசையில இதில்லாம இருக்காதாம். விலையும் மலிவு. கனபேருக்குத் தெரியாது, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாத."

இரண்டு கட்டை எடுத்துக் கூடையின் மேலாக வைத்துக்கொண்டு நடந்தாள். அரிசி மூடைகளுக்குப் பின்னால் போய் நின்றாள்.

கோமளவல்லி அந்த மூலைக்கு வந்தாள். சிங்களப் பெண் அருகில்தான் நின்றாள், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இருபது கட்டை அள்ளி வண்டியில் போட்டாள்.

அவள் காசு கட்டிப் போகும்வரை செலீன் அரிசியை ஆராய்ந்துகொண்டிருந்தாள். பிறகு தன் இரண்டு கட்டையும் கடற்பாசியையும் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

கலியாண நாள் சனிக்கிழமை வந்தது. பூசை முடிந்து, மத்தியானச் சாப்பாடு வெள்ளவத்தையில், கடற்கரை ரயில் பாதைக்குக் கிட்ட ஒரு மண்டபத்தில். அழைப்புச் செலீனுக்கும் இருந்தது. அவள் கத்தரிப்பூ நிறச் சேலை உடுத்து, அரை மணித்தியாலம் முந்தியே போனாள்.

பதினைந்து மேசைகள். ஒவ்வொரு கோப்பைக்கும் கீழே ஒரு தங்கக் கடதாசி. கண்ணாடிக் கிளாசுக்குள்ளே விசிறி போல மடித்து ஒன்று. பார்க்க அமோகமாக இருந்தது. அவள் எதிர்பார்த்தது அவ்வளவுதான்.

எதிர்பார்க்காதது கேக் மேசை. அங்கே மெற்றில்டாவும் வலன்ரைனும் இருபத்தைந்து வருடத்துக்கு முன் எடுத்த கலியாணப் படம் நின்றது. அதைச் சுற்றி, பூமாலை போல, அந்தக் கடதாசி. முன்னால் இரண்டு மெழுகுதிரி எரிந்தன.

செலீன் அங்கே நிற்கவில்லை. நேரே பின்பக்கம், சாப்பாடு வைக்கும் இடத்துக்குப் போனாள். கோமளவல்லி நூடில்ஸ் தட்டுகளை மூடிக்கொண்டிருந்தாள்.

"கோமளாக்கா, ஒரு கதை."

"விருந்தாளி முன்னுக்கு இருக்கிறது. இங்க என்ன வேலை?"

"மெற்றில்டா அக்காட்டப் போய், என்ர குசினியில கரப்பான் எண்டு சொன்னது பொய் எண்டு சொல்லுங்கோ. இப்பவே. சொன்னா நானும் உங்களுக்கு ஒண்டு சொல்லுவன். அது உங்களுக்குக் கட்டாயம் தேவை."

கோமளவல்லி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"உனக்கு எரியுது, என்ன? மேசையைப் பார்த்தனி, அதான். உன்ர கையால இப்பிடி ஒரு மேசை வைக்க ஏலுமா?"

"ஏலாது," என்றாள் செலீன். "அப்ப சொல்லமாட்டீங்கள்."

"போய் இரு. சாப்பாடு வரும்."

செலீன் போய் இருந்தாள்.

விருந்தாளிகள் வரத் தொடங்கினார்கள். மெற்றில்டாவின் தம்பி றேமண்ட் கடைசியாக வந்தான். பதினெட்டு வருடம் கப்பலில் வேலை செய்தவன், சிங்கப்பூரும் ஹொங்கொங்கும் அவனுக்குக் கொட்டாஞ்சேனைச் சந்தி மாதிரி. அக்காவைக் கட்டிப்பிடித்தான். அத்தானுக்குக் கை கொடுத்தான். கேக் மேசையைப் பார்த்தான். சிரிப்பு நின்றது.

ஒரு கடதாசியை எடுத்து, திருப்பிப் பார்த்து, மெழுகுதிரிகளை ஊதி அணைத்தான்.

"இதை ஆர் இங்க வைச்சது?"

"கோமளவல்லி. வடிவா இருக்கு, என்ன?" என்றாள் மெற்றில்டா.

"அக்கா, இது செத்தவைக்கு எரிக்கிற கடதாசி. சவக்காலையில கொளுத்துறவங்கள். உங்கட படத்தைச் சுத்தி வைச்சிருக்கு."

அவன் மெதுவாகத்தான் சொன்னான். ஆனாலும் முதல் மூன்று மேசைக்கும் கேட்டது. ஒரு கிழவி சிலுவை அடையாளம் போட்டாள். அங்கிருந்து செய்தி மேசை மேசையாகப் போனது. அது போன வழியெல்லாம் கோப்பைகளை உயர்த்தி, கடதாசியை உருவிக் கீழே போட்டார்கள்.

வலன்ரைன் கோமளவல்லியைக் கூட்டிவந்தார். அவள் கையில் கரண்டி இருந்தது.

"எனக்கெப்படித் தெரியும்?" என்றாள். "சைனாக்காரற்ர கலியாணத்துக்கு வைக்கிறது எண்டுதானே..."

"ஆர் சொன்னது?" என்றாள் மெற்றில்டா.

"செலீன். அவள்தான். சுப்பர் மார்க்கெட்டில அவள் வாங்கினவள். நான் கண்டனான். அவள் எடுத்ததைத்தான் நானும் எடுத்தனான். கேட்டுப் பாருங்கோ, சோயாவிலயிருந்து நூடில்ஸ் வரைக்கும் எல்லாம் அவள் எடுத்ததுதான். நானாக ஒண்டும் வாங்கேல்லை."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு விளங்கியது. மண்டபம் முழுக்க அவளையே பார்த்தது.

"கரப்பான் ஓடுற குசினிக்காரிக்குப் பின்னால போய்த்தான் எங்களுக்குச் சாமான் வாங்கினனியா?" என்று கேட்டாள் மெற்றில்டா.

கோமளவல்லி கரண்டியைப் பக்கத்து மேசையில் வைத்தாள்.

"நீ அந்தக் கரப்பானைக் கண்டனியா, கோமளவல்லி?"

"இல்லை."

"கேக்கேல்லை."

"இல்லை. காணேல்லை."

மூன்றாவது மேசையில் இருந்தவர்கள், காரணம் சொல்லாமல் விலகிய இரண்டு வீட்டுக்காரர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செலீன் தலையை நிமிர்த்தினாள்.

மெற்றில்டா அவளிடம் வந்தாள்.

"உனக்கு இது என்னெண்டு தெரியுமா, செலீன்?"

பொய் சொல்லலாம். எல்லாரும் நம்புவார்கள். இன்றைக்கு அவள் என்ன சொன்னாலும் நம்புவார்கள்.

"தெரியும் அக்கா."

"வந்த உடன எங்கட படத்தைக் கண்டனிதானே?"

"கண்டனான்."

மெற்றில்டா கண்ணை விரல் நுனியால் துடைத்துக்கொண்டாள். "சரி. வந்தனி, சாப்பிட்டிட்டுப் போ," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். இனி அந்த வீட்டிலிருந்து போன் வராது என்று செலீனுக்கு அந்த முதுகே சொன்னது. அது வலித்தது. ஆனால் எழும்பிப் போகத் தோன்றவில்லை.

கடதாசி எல்லாம் வாரி எடுத்து வெளியே போட்ட பிறகு சாப்பாடு தொடங்கியது. நூற்றிருபது பேர் பசியோடு வந்திருக்கிறார்கள், கோமளவல்லி பரிமாறத்தான் வேண்டும். வரிசை நகர்ந்தது. செலீன் தட்டோடு அவள் முன்னால் போய் நின்றாள்.

கோமளவல்லி தலை நிமிராமல் ஒரு கரண்டி நூடில்ஸ் வைத்தாள்.

"இன்னும் கொஞ்சம் போடுங்கோ அக்கா," என்றாள் செலீன். "கோழியும் வையுங்கோ. நெஞ்சுத் துண்டாப் பார்த்து."

கோமளவல்லி தேடி எடுத்து வைத்தாள். கரண்டி தட்டில் தட்டுப்பட்டது.

செலீன் நடு மேசையில், பரிமாறும் இடத்துக்கு நேர் எதிரே ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவசரப்படாமல் சாப்பிடத் தொடங்கினாள்.