இல்லாத பந்து

பீர்க்கன்கரணை ஏரிக்கரையோரப் புல்தரையில், ஒன்றுமே இல்லாத இடத்தில் தன் பந்து முட்டித் திரும்பியதைப் பார்த்தபோது செல்வமேரி பயந்து இரண்டடி பின்னால் நகர்ந்தாள். கல்லில்லை, மேடில்லை. ஆனாலும் 'டக்' என்று சத்தம் கேட்டது. பந்து வலப்பக்கம் விலகி ஓடியது.

அந்த இடம் அவளுக்குத் தெரியும். புல்தரையில் கனத்த பந்தை இலக்கை ஒட்டி நிற்கும்படி உருட்டுகிற லான் பௌல்ஸ் ஆட்டத்தில் அவளோடு ஜோடியாக ஆடிய டெபோரா, தன் பந்தை எப்போதும் அங்கேதான் கொண்டுபோய் நிறுத்துவாள். டெபோரா போன மழைக்காலத்தில் காய்ச்சலில் இறந்துபோயிருந்தாள். மற்றவர்களின் பந்து அந்த இடத்தைச் சும்மா கடந்து போனது.

பயம் போய்ப் பாசம் வந்ததுதான் வேடிக்கை. பள்ளிக்கூடம் விட்டதும் குரோம்பேட்டையில் பஸ் ஏறி வந்து, இல்லாத பந்தை உரசிவிட்டுப் போவாள். கணக்கு டீச்சர் புத்தி சும்மா இருக்குமா? ஓரமாக உரசினால் அடிபட்ட பந்து அசைந்தும் அசையாமல் இருக்கும். பாதிக்குப் பாதி மோதினால் இரண்டும் பிரியும். நம்முடையது வலப்பக்கம் போனால் அது இடப்பக்கம். இடப்பக்கம் மைதானத்தின் ஓரப்பள்ளம். அதில் விழுந்த பந்துக்கு ஆட்டத்தில் இடமில்லை. அதனால் கைக்குழந்தையைத் தொடுவது போலத்தான் தொட்டு வந்தாள்.

மாநில அணித் தேர்வும் அங்கேயே வந்தது. புது ஜோடி சுபத்ரா. கடைசிப் பந்து செல்வமேரியின் கையில் இருந்தது. இலக்கான சின்ன வெள்ளைப் பந்து வலப்பக்கம் கிடந்தது. எதிரணிப் பந்துகள் வழியை அடைத்துக்கொண்டு நின்றன.

"வழியே இல்லக்கா," என்றாள் சுபத்ரா.

"ஒண்ணு இருக்கு."

ஐம்பதை நெருங்குகிறவளுக்கு இன்னொரு வாய்ப்பு வராது. செல்வமேரி இந்த முறை ஓரமாக உரசாமல் பாதிக்குப் பாதி மோதும்படி உருட்டினாள். கை குறி தப்பவில்லை.

டக். பந்து வலப்பக்கம் திரும்பி, வெள்ளைப் பந்தை ஒட்டிப் போய் நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். இடப்பக்கம் புல் ஒரு கோடாக மடங்கிக்கொண்டே போனதை அவள் மட்டும் பார்த்தாள். பிறகு பள்ளத்தில் 'தொப்' என்றது.

"எந்தப் பந்துக்கா விழுந்துச்சு?" சுபத்ரா எட்டிப் பார்த்தாள். பள்ளம் காலியாக இருந்தது.

அணியில் இடம் கிடைத்தது. எல்லோரும் போன பிறகு செல்வமேரி அதே வழியில் பந்தை உருட்டினாள். அது எங்கும் முட்டாமல் ஓடியது. இன்னொன்றை உருட்டினாள். அதுவும் ஓடியது.

"தெரிஞ்சேதான்டி அடிச்சேன்," என்றாள்.

கேட்க அங்கே ஆளில்லை.