சேலைப் பெட்டிக்குள் குளவி

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக் கந்தப்பனின் மீசை சாதாரண மீசையல்ல. இடது நுனி பதுளையைப் பார்த்தால் வலது நுனி வெலிமடையைப் பார்க்கும். மழை நாளில் கொடிக்கயிறு போதாவிட்டால் அதிலேயே இரண்டு துண்டு காயப்போடலாம். அப்பேர்ப்பட்ட மீசையைத்தான் தொண்ணூற்றெட்டாம் வருஷம், தீபாவளிக்கு முந்தின வாரம், வேலை பிரிக்கிற காலைப் பெரட்டில் நின்ற அத்தனை பேரும் கேட்கப் பணயம் வைத்தான்.

“தீபாவளி அன்னிக்கி எம் பாட்டு செட்டுல தவிலு சுத்தமாக் கேக்கலேன்னா, ரெங்கம்மா, நீயே வந்து இத வழிச்சு எடுத்துக்க!”

லயத்து வீட்டு வரிசையில் அடுத்த வீட்டுக்காரி ரெங்கம்மா விடுகிற ஆளா? “சோப்பு நான் கொண்டாறேண்ணே. பிளேடும் புதுசாவே வாங்கிர்றேன். நல்ல நாளும் அதுவுமா பழச வச்சு வழிக்கலாமா?”

வினை தொடங்கியது ஒரு தேயிலைப் பெட்டியில். ஃபேக்டரியில் பலகைப் பெட்டி போய்க் காகிதச் சாக்கு வந்தபோது, மிஞ்சிய பெட்டிகளில் ஒன்று கந்தப்பனின் பெண்சாதி வேலாயிக்குக் கிடைத்தது. உள்பக்கம் முழுக்க ஈயத்தாள் ஒட்டிய பெட்டி. லயத்துக் கூரையே பனியில் கரைந்து போனாலும் உள்ளே வைத்த சேலையில் பூசணம் பிடிக்காது. அந்தப் பெட்டி மேல் கந்தப்பனுக்குக் கண். ஸ்பீக்கர் வைக்க அதைவிட வாகான பெட்டி உலகத்தில் உண்டா?

“முன் பலகையில ஒரே ஒரு ஓட்டை, புள்ள. அவ்வளவுதான்.”

“ஓட்டைய போட்டுக்கங்க. அந்த வட்டத்துக்கு வெளிய ஈயத்தாள்ல ஒரு நகக்கீறல் விழுந்துச்சு, நான் பூனாகலைக்கு எங்கண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்.”

சேலைகள் சாக்குக்குப் போயின, ஸ்பீக்கர் பெட்டிக்குப் போனது. ஆம்ப்ளிஃபயருக்குக் கந்தப்பன் பதுளையில் புஹாரி நானாவின் ரேடியோக் கடைக்குப் போனான்.

“ஒங்களுக்கு சல்லி மிச்சமாகணுமா, சத்தம் வேணுமா, சுத்தம் வேணுமா?” என்று கேட்டார் புஹாரி.

“மூணுந்தான் நானா.”

“அப்ப நீங்க ஜப்பானுக்குத்தான் பஸ் ஏறணும்.”

மலிவாக ஒரு பதினைந்து வாட்டைத் தந்தார். கடையில் தேனாக ஓடியது. லயத்தில் கேசட்டைப் போட்டதும் நாதஸ்வரம் மட்டும் ஒழுங்காக வந்தது. தவிலில் முதல் அடி விழுந்ததுமே பெட்டிக்குள்ளிருந்து ‘ஜிர்ர்ர்’. குளவிக்கூடு கலைந்த மாதிரி. மலைமேல் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினார்கள். அதில் பாதிப் பேர் பண்டாரவளையில்தான் நின்றார்கள்.

கந்தப்பனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெட்டியில் காதை வைத்தான். வெளியே சாக்கடைக் கானோரம் நின்று கேட்டான். பாதிச் சோற்றில் எழுந்து திருகைத் திருகினான். சின்ன ஆம்ப்ளிஃபயர், பாரம் தாங்காமல் மூச்சு வாங்குகிறது என்று முடிவு கட்டினான். அதைக் கொடுத்து, மேலே காசு வைத்து, நாற்பது வாட்டு எடுத்து வந்தான். குளவியும் கூடவே வளர்ந்து வண்டானது.

“அண்ணே, உங்க தவிலு ஒரு அடி அடிச்சா எங்க வீட்டு பல்பு ஒருதரம் கண்ண மூடுது,” என்றாள் ரெங்கம்மா. “அதுக்கும் ஒங்க பாட்டு புடிக்கல போல.”

அந்தக் கோபத்தில்தான் மீசைப் பேச்சு வாயில் வந்தது. வந்த பிறகு தூக்கம் போயிற்று. படுத்தால் கை தானாக மீசையைத் தடவியது. ஸ்பிரிங்வெளி பஸ்ஸின் டயர் அந்த வாரம் தேய்ந்ததெல்லாம் அவன் ஒருவனால்தான்.

தீபாவளிக்கு முதல் நாள், ஆட்டுக்கறிக்கு வைத்திருந்த காசோடு கடைசித் தடவையாகப் புஹாரி கடைக்கு ஓடினான். நூறு வாட்டு. ட்ரான்ஸ்ஃபோமர் அம்மிக்கல் கனம். கண்டக்டர் அதற்கும் அரை டிக்கெட் கேட்டான்.

அவன் பதுளையில் நின்ற நேரம் லயத்தில் கொட்டு மழை. தகரக் கூரை ஒழுகி நேராகச் சேலைச் சாக்கின் மேல் ஊற்றியது. வேலாயி வாய்க்கு வந்தபடி புருஷனைத் திட்டிக்கொண்டே சேலைகளை அள்ளித் தேயிலைப் பெட்டிக்குள் திணித்து மூடியைப் போட்டாள். அவனிடம் சொல்லவில்லை. அன்று அவனோடு பேசுகிற எண்ணமே அவளுக்கு இல்லை.

கந்தப்பன் வந்தான், வயரை மாட்டினான், கேசட்டைப் போட்டான். தவில் விழுந்தது. டும்! குளவி இல்லை, வண்டு இல்லை. ஆம்ப்ளிஃபயரைக் கட்டிப்பிடித்து அழுதான்.

விடிந்ததும் எண்ணெய் முழுக்கு, புது வேட்டி. கேசட்டைப் போட்டுவிட்டு, முறுக்கிய மீசையோடு வாசலில் நின்று லயத்தையே அழைத்தான். “நூறு வாட்டுன்னா சும்மாவா! பவரு இருந்தா சத்தம் அடங்கி ஒடுங்கி வரும் பாருங்க.” ரெங்கம்மா சோப்புக் கிண்ணத்தோடு வாடி நின்றாள்.

உள்ளே வேலாயிக்குக் கோயிலுக்கு நேரமாயிற்று. கட்டுகிற சேலை பெட்டியின் அடியில் கிடந்தது. மொத்தத்தையும் வாரி வெளியே எடுத்தாள்.

ஜிர்ர்ர்ர்!

ரெங்கம்மா சோப்பை நுரைக்க ஆரம்பித்தாள். கந்தப்பன் உள்ளே பாய்ந்தான். கை நிறையச் சேலையோடு வேலாயி. திறந்த பெட்டிக்குள் ஒவ்வொரு தவில் அடிக்கும் படபடத்துத் துடிக்கிற ஈயத்தாள். இத்தனை நாள் குளவி எங்கே கூடு கட்டியிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

“புள்ள, அத்தனையும் திரும்ப வையி!”

“அப்ப நான் எதக் கட்டிக்கிட்டு கோயிலுக்குப் போறது?”

ஒன்றைத் தவிர எல்லாம் உள்ளே போயிற்று. தாள் அடங்கியது, ஒரு மூலையில் மட்டும் ஒற்றைக் குளவி மிச்சம். ரெங்கம்மா வாசற்படி ஏறிவிட்டாள். கந்தப்பன் யோசிக்கவில்லை. இடுப்புப் புது வேட்டியை உருவி அந்த மூலையில் திணித்தான்.

டும். டும். டும்.

தோள் துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு நின்றவனைப் பார்த்து லயமே சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும், மீசை மூக்குக்குக் கீழேதான் இருந்தது.

கோயிலிலிருந்து திரும்பிய வேலாயி கறியில்லாச் சோற்றை அவன் முன் வைத்தாள். “ஈயத்தாள அமுக்க சேல போதும்னா, மொத வாங்குன பதினஞ்சு வாட்டே போதுமேங்க?”

கந்தப்பனின் கால் ஆடிக்கொண்டிருந்தது. கண் திருகின் மேல் இருந்தது.

“இல்ல புள்ள, புஹாரி நானாகிட்ட இருநூறு வாட்டு ஒண்ணு இருக்கு. ஆனா அந்த அடிய அமுக்கணும்னா, இன்னும் நாலு சேலையாவது ஒனக்கு எடுக்கணும்.”

வேலாயி குழம்புச் சட்டியைக் கீழே வைத்தாள்.

“பதுளை பஸ்ஸு நாளைக்கி எத்தன மணிக்குங்க?”